இலக்கு வாடிக்கையாளரை பில் புத்தகத்தில் தேடுங்கள்

கேள்வி இது. கையால் தைத்த பைகள் விற்கும் சிறு தொழில், ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. ஆலோசனை சொல்ல வருகிற எல்லோரும் "உங்க இலக்கு வாடிக்கையாளர் யாரு?" என்று கேட்கிறார்கள். '25 முதல் 45 வயது வரை, வேலைக்குப் போகும், தரத்தை மதிக்கும் பெண்கள்' என்று எழுதி வைத்து, அதன்படியே இணையத்தில் விளம்பரமும் கொடுத்தாயிற்று. லைக் வருகிறது, ஆர்டர் வரவில்லை. தப்பு எங்கே?

தப்பு அந்த வாக்கியத்தில்தான். அது பொய் என்று சொல்லவில்லை. உங்களிடம் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் அடங்கவும் கூடும். ஆனால் அதைப் படித்துவிட்டு நாளைக் காலை நீங்கள் எதையாவது மாற்றிச் செய்ய முடியுமா? எந்தப் பையை அதிகம் தைப்பது, எந்தப் படத்தைப் போடுவது, எதை முதல் வரியில் சொல்வது? எதற்கும் அதில் விடை இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். அதே வாக்கியத்தை வைத்துக்கொண்டு பைக்குப் பதில் செருப்பு, சோப்பு, யோகா வகுப்பு, ஆயுள் காப்பீடு என்று எதை வேண்டுமானாலும் விற்கலாம். அப்படியென்றால் அது உங்கள் வாடிக்கையாளரைப் பற்றிய வாக்கியமே இல்லை.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. விளம்பரம் கொடுக்கப் போனால் அந்தப் படிவம் வயது என்ன, ஆணா பெண்ணா, எந்தப் பகுதி, எதில் ஆர்வம் என்று கட்டம் கட்டிக் கேட்கிறது. அந்தக் கட்டங்களை நிரப்பி நிரப்பி, வாடிக்கையாளர் என்றாலே அந்தக் கட்டங்கள்தான் என்று மனதில் பதிந்துவிட்டது. விளம்பரம் விற்கிறவர்களுக்கு அது வசதி. பை விற்கிற உங்களுக்கு வேண்டியது வேறு. இவர் எந்த நிலைமையில் இருக்கும்போது பை வாங்கக் கிளம்புகிறார், அதுவரை எதை வைத்துச் சமாளித்தார், எதைப் பார்த்துத் தயங்கினார், எதைப் பார்த்துக் காசை எடுத்தார்? இந்த நாலும் தெரிந்தால் வயது தெரியாவிட்டால்கூடக் குடி முழுகிவிடாது.

என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் இதே தப்பைப் பல வருடம் செய்தவன். சின்ன அச்சகம் ஒன்று நடத்தினேன். முகப்புக் கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கும் விசிட்டிங் கார்டும் மடிப்பு நோட்டீஸும் அடுக்கி வைத்திருப்பேன். என் வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் 'புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள்' என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ஒரு மந்தமான மாதத்தில் செய்வதற்கு வேலை இல்லாமல், மூன்று வருட ஆர்டர் நோட்டுகளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கார்டு அடித்தவர்களில் பெரும்பாலோர் ஒருமுறைதான் வந்திருந்தார்கள். திரும்பத் திரும்ப வந்த பெயர்கள் முழுக்க வேறு ஆட்கள்: பட்டறைக்காரர்கள், உதிரிபாகம் விற்கிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள். அவர்கள் கேட்டதெல்லாம் பில் புக். மூன்று மாதத்துக்கொரு தரம், நாலு மாதத்துக்கொரு தரம் அதே பெயர், அதே சரக்கு. பக்கத்தில் என் கையெழுத்திலேயே 'அவசரம்', 'நாளை காலை' என்று குறிப்பு. அதை எழுதியவன் நான்தான். மூன்று வருடமாக என் கண்ணில் அது படவே இல்லை.

பிறகு அவர்களில் சிலரிடம் பேசியபோதுதான் முழுப் படமும் கிடைத்தது. பில் புக் தீரப்போகிறது என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. கடைசித் தாளைக் கிழிக்கும்போதுதான் தெரியும். எதிரே வாடிக்கையாளர் நின்றுகொண்டிருப்பார். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போடுவார்கள். "சார், புக்கு தீந்துபோச்சு, நாளைக்கே வேணும்" என்பார்கள். "கடைசி நம்பர் என்ன?" என்று நான் கேட்பேன். புது புத்தகம் அதற்கடுத்த எண்ணிலிருந்துதானே தொடங்க வேண்டும். அங்கே தேடல் ஆரம்பமாகும். கடைசி பில்லின் நகல் கணக்கு எழுதுகிறவரிடம் போயிருக்கும், அவர் போனை எடுக்க மாட்டார். இப்படியே அரை நாள் ஓடிவிடும்.

நான் செய்த மாற்றம் ஒரு சிறு காகிதத் துண்டு, அவ்வளவுதான். ஐம்பது பில் கொண்ட புத்தகத்தில் நாற்பதாவது பில்லுக்கு அடுத்து ஒரு மஞ்சள் சீட்டை வைத்துத் தைத்தேன். அதில் 'இன்னும் பத்து பில்தான் பாக்கி' என்ற வரி, என் போன் நம்பர், அந்தப் புத்தகம் எந்த எண்ணில் முடிகிறது என்ற விவரம். அந்தச் சீட்டு வந்த பிறகு அவசர ஆர்டர் குறைந்தது, ஆனால் ஆர்டர் வேறு எங்கும் போகாமல் என்னிடமே வந்தது. என் வாடிக்கையாளர் யார் என்று இப்போது கேட்டால், 'புத்தகத்தில் பத்துத் தாள் மிச்சமிருக்கிற கல்லாக்காரர்' என்பேன். அவருக்கு வயது இருபதா அறுபதா என்று எனக்குத் தெரியாது, தேவையும் படவில்லை.

ஆக, உங்களுக்கு நான் சொல்வது: ஆளை வர்ணிப்பதை விடுங்கள், நடந்ததைப் பாருங்கள். மனிதர்கள் என்ன செய்வோம் என்று சொல்வதும், உண்மையில் செய்வதும் பல சமயம் இரண்டு வேறு விஷயங்கள். பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன் 1938-இல் எழுதிய ஒரு கட்டுரையின் சாரமே ஏறக்குறைய இதுதான்: ஒருவருடைய விருப்பத்தை அவர் மனதுக்குள் புகுந்து தேட வேண்டியதில்லை, அவர் எதை விட்டுவிட்டு எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதிலிருந்தே பிடித்துவிடலாம். அவர் அதைச் சமன்பாடுகளாக எழுதினார். நமக்கு பில் போதும்.

எட்டு மாத விற்பனையை வரிசையாக ஒரு நோட்டில் எழுதுங்கள். கணினியில் செய்தாலும் சரி, ஆனால் முதல் தடவை கையால் எழுதினால் பெயர்கள் மனதில் தங்கும். என்ன பை, எந்தத் தேதி, எப்படி நம்மைப் பற்றித் தெரிந்துகொண்டார், கேட்ட முதல் கேள்வி என்ன, அவருக்கா அல்லது இன்னொருவருக்கா, திரும்ப வந்தாரா. தெரியாத இடத்தை வெற்றாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். அஞ்சல் வழியாகப் பட்டியல் அனுப்பி விற்ற காலத்து வியாபாரிகள் மூன்றே விஷயத்தை வைத்து வாடிக்கையாளரைத் தரம் பிரித்தார்கள்: கடைசியாக எப்போது வாங்கினார், எத்தனை தடவை வாங்கினார், மொத்தம் எவ்வளவுக்கு வாங்கினார். இன்றைக்குப் பெரிய மென்பொருள்களில் இருப்பதும் அடிப்படையில் அதே மூன்றுதான். அதைச் செய்ய உங்களுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

எழுதும்போது ஒரு வேலை கட்டாயம். சொந்தக்காரர்கள், நண்பர்கள், பழைய அலுவலகத் தோழர்கள் வாங்கியதையெல்லாம் தனியாகப் பிரித்து வையுங்கள். அவர்கள் வாங்கியது உங்களுக்காக, பைக்காக அல்ல. அவர்களையும் சேர்த்து எண்ணினால் கணக்கு மொத்தமும் கெட்டுவிடும். எட்டு மாத விற்பனையில் அதை எடுத்துவிட்டால் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். மனசு கஷ்டப்படும்தான், ஆனால் மிச்சமிருக்கிற அந்தப் பத்துப் பதினைந்து அந்நியர்கள்தான் உங்கள் உண்மையான முதல்.

அந்த அந்நியர்களிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதுப் பொருளை ஊர் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பதை ஆராய்ந்த எவரெட் ராஜர்ஸ் 1962-இல் மக்களை ஐந்து பிரிவாகப் பிரித்தார். புதுமை என்றாலே முதலில் பாய்கிறவர்கள் 2.5 சதவீதம், அவர்களை அடுத்துச் சீக்கிரம் ஏற்பவர்கள் 13.5, பிறகு முன்பாதிப் பெரும்பான்மை 34, பின்பாதி 34, கடைசிவரை அசையாதவர்கள் 16. இந்த எண்கள் ஒரு வளைகோட்டைக் கணித முறைப்படி வெட்டிக் கிடைத்தவை, அச்சாக எல்லாத் தொழிலுக்கும் பொருந்த வேண்டும் என்று இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: முதலில் வந்து வாங்குகிறவர் பின்னால் வரப்போகிறவரைப் போல இருக்க மாட்டார். கைத்தொழில் மேல் உள்ள பிரியத்தால் வாங்கியவரும், ஜிப் மக்கர் பண்ணாத பை வேண்டும் என்று வாங்கியவரும் ஒரே நோட்டில் அடுத்தடுத்த வரியில் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே விளம்பரம் போதாது.

அடுத்து, பேச வேண்டும். இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். "இப்படி ஒரு பை போட்டா வாங்குவீங்களா?" என்று கேட்பார்கள். எதிரே இருப்பவர் என்ன சொல்வார்? முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? "கண்டிப்பா வாங்குவேன்" என்பார். நீங்கள் நாற்பது பை தைத்து வைப்பீர்கள். அவர் வர மாட்டார். அவர் பொய் சொல்லவில்லை, மரியாதை காட்டினார். அடுத்த முறை வாங்குவதைப் பற்றிக் கேட்டால் மரியாதைதான் பதிலாக வரும். கடைசியாக வாங்கியதைப் பற்றிக் கேட்டால் நடந்தது வரும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். உங்களிடம் மடிக்கணினிப் பை வாங்கிய ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"மேடம், போன மாசம் நம்மகிட்ட பை வாங்கினீங்க. விக்கறதுக்காகக் கூப்பிடல. ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும், அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்க."

"இதுக்கு முன்னாடி லேப்டாப்பை எதுல எடுத்துட்டுப் போவீங்க?"

"கம்ப்யூட்டரோட குடுத்த பைதான். நாலு வருஷமா."

"அதை ஏன் மாத்தினீங்க?"

"வார் பிஞ்சுபோச்சு. ஒருதரம் தைச்சேன், மறுபடி பிஞ்சுது. ஆபீஸ் படிக்கட்டுல இறங்கறப்போ அப்படியே கீழ விழுந்துடுச்சு. நல்லவேளை, கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல."

"அன்னிக்கே தேட ஆரம்பிச்சீங்களா?"

"அன்னிக்கு ராத்திரியே. ஆனா வாங்க பத்து நாள் ஆச்சு."

"ஏன் பத்து நாள்?"

"உங்க பை பாக்க நல்லா இருந்துச்சு. ஆனா உள்ள எவ்வளவு போகும்னு தெரியல. டிபன் டப்பா, குடை, சார்ஜர் எல்லாம் போகுமான்னு சந்தேகம். அளவு சென்டிமீட்டர்ல போட்டிருந்தீங்க. கடைசில ஸ்கேல் வெச்சு மேஜை மேல கோடு போட்டுப் பாத்தேன்."

இந்த ஐந்து நிமிடத்தில் கிடைத்ததைப் பாருங்கள். இவர் 'பை பிடிக்கும்' என்பதால் வரவில்லை; வார் அறுந்ததால் வந்தார். உங்கள் போட்டி இன்னொரு கைவினைப் பை இல்லை, கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த பையும் அதைத் தைத்துக் கொடுக்கிறவரும்தான். பத்து நாள் தாமதத்துக்கு விலை காரணமில்லை, உள்ளே என்ன கொள்ளும் என்பது படத்தில் தெரியாததே காரணம். மேஜை மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட அந்தப் பெண்ணைப் போல எத்தனை பேர் அந்தச் சிரமம் எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தை மூடியிருப்பார்கள்? நீங்கள் நாளைக்கே செய்ய வேண்டியது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. பையைத் திறந்து, கணினி, குடை, டப்பா, சார்ஜர் எல்லாம் உள்ளே இருக்கிற மாதிரி ஒரு படம். வாரின் தையலைக் கிட்டத்தில் எடுத்த இன்னொரு படம். '25 முதல் 45 வயது' என்ற வாக்கியத்திலிருந்து இந்த இரண்டு படமும் பிறந்திருக்கவே முடியாது.

கேட்கும்போது சில விஷயம். 'ஏன்' என்பதை அடுக்கடுக்காகக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும்; 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டால் ஆட்கள் தானாகவே கதை சொல்வார்கள். அவர்கள் நிறுத்தினால் உடனே பேசாதீர்கள். அந்த மூன்று விநாடி மௌனத்துக்குப் பிறகுதான் விஷயம் வரும். சொன்னதை அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். 'உள்ள எவ்வளவு போகும்' என்று சொன்னதை 'கொள்ளளவு குறித்த தெளிவின்மை' என்று மாற்றி எழுதிவிட்டால், விளம்பரத்தில் போட வேண்டிய வரியையே தொலைத்துவிட்டீர்கள். போன் எண்ணைப் பில்லுக்காகத்தானே வாங்கினோம் என்பதும் நினைவிருக்கட்டும். பேச விருப்பமில்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள், அந்த எண்ணை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

எத்தனை பேரிடம் பேசுவது என்று கேட்பீர்கள். நூறு இருநூறு எல்லாம் வேண்டாம். ஆபி கிரிஃபின், ஜான் ஹாசர் இருவரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகை வாடிக்கையாளரில் 20 முதல் 30 பேரிடம் தனித்தனியே பேசினாலே அவர்களுடைய தேவைகளில் 90 சதவீதத்துக்கு மேல் வெளிவந்துவிடும் என்று கணக்கிட்டார்கள். உங்கள் அளவுக்குப் பத்துப் பேரில் ஆரம்பியுங்கள். ஏழாவது எட்டாவது ஆளிடம் பேசும்போது 'இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே' என்று தோன்றத் தொடங்கினால் சரியான வழியில் போகிறீர்கள். பத்துப் பேரும் பத்து விதமாகச் சொன்னால், வெவ்வேறு வகை ஆட்களை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதுவரை வாங்கியவர்களைப் பற்றிப் பேசினோம். வாங்காமல் போனவர்களை விட்டுவிட்டால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை எண்ணிப் பார்த்து, ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு. முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பதிவேட்டிலிருந்தும். பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில் அந்த இரண்டும் யாரிடம் இருந்திருக்கும்? அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரமம் எடுத்துக்கொண்டவர்கள் ஒரு பக்கச் சாய்வுள்ளவர்களாகவே இருந்தார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் அதைவிடப் பல மடங்கு குறைவான பேரிடம், ஆனால் எல்லாத் தரப்பும் வருகிற மாதிரி கேட்டுச் சரியாகச் சொன்னார். இரண்டே வருடத்தில், 1938-இல், அந்த இதழ் நின்றுபோனது.

உங்கள் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்களிடம் 'எந்த நிறம் பிடிக்கும்' என்று ஓட்டுப் போடச் சொல்லும்போது நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். லைக் போடுகிறவர்கள் ஒரு ஜாதி, காசு கொடுக்கிறவர்கள் ஒரு ஜாதி. இரண்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே.

'விலை என்ன?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் மேல் எரிச்சல் வருவது இயல்பு. எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அவர்களைப் போல் பாடம் சொல்பவர்கள் வேறு யாரும் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "பை வாங்க யோசிச்சீங்க. கடைசில என்ன வாங்கினீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா? விக்கறதுக்காகக் கேக்கல." பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள். சொல்கிற ஒன்றிரண்டு பேர் 'எதுவுமே வாங்கலை' என்பார்கள். அதுதான் பல நேரம் உண்மையான போட்டி: ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுவது. அப்படியென்றால் அவருக்கு இன்னும் வார் அறுந்துபோகவில்லை. அவரைத் துரத்திப் பயனில்லை. அறுந்துபோகிற அன்றைக்கு உங்கள் பெயர் நினைவில் வந்தால் போதும்.

பயன்படுத்துகிறவர் ஒருவர், காசு கொடுக்கிறவர் ஒருவர், முடிவு செய்கிறவர் ஒருவர் என்று இருக்கும் வியாபாரமும் உண்டு. நிறுவனங்கள் எப்படி வாங்குகின்றன என்று 1972-இல் எழுதிய ஃபிரடெரிக் வெப்ஸ்டரும் யோரம் விண்டும் ஐந்து வேடங்களைச் சொன்னார்கள்: பயன்படுத்துபவர், கருத்துச் சொல்பவர், முடிவெடுப்பவர், வாங்குபவர், வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பவர். பெரிய நிறுவனம் என்று இல்லை, மூன்று பேர் வேலை செய்கிற பட்டறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பில் புக்கில் எழுதுகிறவர் கல்லாவில் இருக்கும் பையன். எந்தக் கட்டம் எங்கே வர வேண்டும் என்று சொல்பவர் கணக்கர். காசு முதலாளியுடையது. நான் வருடக்கணக்காக முதலாளிக்கே வணக்கம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் போன் போடுவதா, பக்கத்தில் இருக்கிற அச்சகத்துக்குப் போடுவதா என்று முடிவு செய்தது அந்தப் பையன். மஞ்சள் சீட்டு வேலை செய்ததும் அதனால்தான், அது அவன் கண்ணில் பட்டது. உங்கள் நோட்டிலும் 'அவருக்கா, இன்னொருவருக்கா' என்ற பத்தியை நன்றாகப் பாருங்கள். பரிசாகக் கொடுக்க வாங்கியவர்கள் நிறைய இருந்தால் உங்கள் தொழிலே வேறு. அவருக்கு வாரின் உறுதி முக்கியமில்லை. குறிப்பிட்ட தேதிக்குள் கைக்கு வருமா, பிரிக்கும்போது பார்க்க அழகாக இருக்குமா என்பதுதான் கவலை.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு பயம் வரும். 'வார் அறுந்துபோன, கணினி சுமக்கிற ஆளுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் போய்விடுவார்களே?' சந்தையைப் பிரித்துப் பார்ப்பது என்ற யோசனையை வெண்டல் ஸ்மித் 1956-இல் எழுதிய காலத்திலிருந்து வியாபாரிகளுக்கு இந்தப் பயம் உண்டு. பயத்துக்கு நல்ல மருந்து 'ஆக்ஸோ' என்ற சமையலறைக் கருவி பிராண்டின் கதை. சாம் ஃபார்பர் என்பவருடைய மனைவிக்குக் கையில் மூட்டுவாதம். தோல் சீவும் கருவியைப் பிடிக்க அவர் சிரமப்பட்டதைப் பார்த்து, தடித்த, மெத்தென்ற, வழுக்காத ரப்பர் பிடி வைத்த கருவிகளை ஒரு வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கி 1990-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். மனதில் இருந்தது கைவலி உள்ளவர். வாங்கியது எல்லோரும், ஏனென்றால் ஈரக் கையில் வழுக்காத பிடி யாருக்குத்தான் வேண்டாம்? ஒருவருடைய கஷ்டத்தைச் சரியாகத் தீர்த்தால் அதில் பாதிக் கஷ்டம் உள்ளவர்களும் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். குறி வைப்பது யாரிடம் பேசுவது என்பதற்காக. மற்றவர்களுக்குக் கதவைச் சாத்துவதற்காக இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பெரிய பிராண்டுகளின் விற்பனையை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார், குறுகலாகக் குறி வைக்காதே, எப்போதாவது வாங்குகிறவர்கள் உட்பட எல்லோரையும் எட்டப் பார் என்கிறார்கள். கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவழிக்கிற, எல்லாக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கிற பொருளுக்கு அது சரியாக இருக்கலாம். எல்லோரையும் எட்ட உங்களிடம் காசும் இல்லை, எல்லோருக்கும் தைத்துக் கொடுக்கக் கையும் இல்லை.

யார் வேண்டாம் என்பதையும் அதே நோட்டில் பார்த்துவிடலாம். என்னிடம் ஒருவர் நூறு விசிட்டிங் கார்டுக்குப் பதினொரு தடவை எழுத்துருவை மாற்றச் சொன்னார். அந்த வேலையில் எனக்கு மிஞ்சியது தலைவலி மட்டும். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேண்டியது அச்சகம் இல்லை, வடிவமைப்பாளர். இப்படிப்பட்டவர்களை வேறு இடத்துக்கு மரியாதையாகக் கைகாட்டி விடுங்கள்.

விளம்பரத்துக்கு வருவோம், கேள்வி தொடங்கியது அங்கேதானே. இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். பத்துப் பேரிடம் பேசி முடித்ததும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இன்னது நடந்தபோது, இன்னதை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தவர், இன்ன சந்தேகம் தீர்ந்ததும் வாங்குகிறார். உதாரணத்தில் வந்தவரைப் போலவே பலர் சொன்னால், 'பழைய லேப்டாப் பையின் வார் அறுந்து ஒருமுறை தைத்தும் பார்த்தவர், தன் சாமான் முழுக்க உள்ளே போகும் என்று கண்ணால் பார்த்ததும் வாங்குகிறார்.' உங்கள் ஆட்கள் சொல்வது வேறாக இருந்தால் வாக்கியமும் வேறு. பிறகு அதே சின்னத் தொகைக்கு இரண்டு விளம்பரம் போடுங்கள், பழைய படத்தோடு ஒன்று, திறந்த பையின் படத்தோடு ஒன்று. மற்ற எதையும் மாற்றாதீர்கள், இல்லாவிட்டால் எதனால் ஆர்டர் வந்தது என்று தெரியாது. லைக்கை எண்ணாதீர்கள், ஆர்டரையும் 'உள்ள எவ்வளவு போகும்' என்ற கேள்வி குறைகிறதா என்பதையும் எண்ணுங்கள். ஆறு மாதத்துக்கொரு தரம் அந்த வாக்கியத்தை எடுத்துப் புது பில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். என் மஞ்சள் சீட்டுக்கும் ஆயுள் நிரந்தரமில்லை. பலர் கணினியில் பில் போட ஆரம்பித்ததும் நான் மறுபடி நோட்டைப் புரட்ட வேண்டி வந்தது.

'என்னிடம் பில் புத்தகமே இல்லை, எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான்' என்று நீங்கள் சொல்லலாம். இன்னும் நல்லது, வாடிக்கையாளரின் சொந்த வார்த்தைகள் அப்படியே அங்கே கிடக்கின்றன. தேடல் பெட்டியில் 'அவசரம்', 'எப்போ', 'அளவு', 'பழைய' என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள், அப்படியும் தேடுங்கள். 'பழைய' என்று தேடும்போது வருகிற முதல் ஆளுக்கு இன்றைக்குச் சாயங்காலம் போன் போடுங்கள்.